இலக்கியச் சமூகவியல் எலக்டிவ்: எடுக்கலாமா வேணாமா? எம்.ஏ. தமிழ் முடிச்சவனோட ரிவ்யூ

எலக்டிவ் செலக்ட் பண்ற நேரம் வந்தாச்சு, ஜூனியர் பசங்க எல்லாரும் ஒரே கேள்விதான், அண்ணே நாட்டாரியல் எடுக்கவா கணினித்தமிழ் எடுக்கவா இல்ல இலக்கியத்துக்கும் சமூகத்துக்கும் உள்ள தொடர்பப் படிக்கிற அந்த இலக்கியச் சமூகவியல் எடுக்கவானு. ஆளாளுக்குத் தனித்தனியா பதில் சொல்லி மாளல, மொத்தமா இங்கயே எழுதிடுறேன். யுனிவர்சிட்டி பேர் வேணாம், நடுவுல கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கு.

தீர்ப்ப முதல்லயே சொல்லிடுறேன். கிளாஸுக்கு அஞ்சுக்கு ரெண்டரை ஸ்டார். பரீட்சைக்கு ஒண்ணு, அதுவும் பாவம் பாத்து. அசைன்மென்ட்டுக்கு அஞ்சுக்கு அஞ்சு, முடிஞ்சா ஆறு குடுப்பேன். அசைன்மென்ட்ட கைடு பாத்து காப்பி அடிச்சிட்டு தேத்திக்கலாம்னு நெனைக்கிறவங்க தயவுசெஞ்சு இந்தப் பேப்பர் பக்கமே வராதீங்க, அப்படி எடுத்தா இதவிட மொக்கையான பேப்பர் டிபார்ட்மென்ட்லயே கெடையாது.

ஏன் மொக்கைன்னா, சிலபஸ்ல முதல் யூனிட் முழுக்க "இலக்கியம் காலத்தைக் காட்டும் கண்ணாடி"தான். சங்கப் பாட்டு எடுத்துக்கோ, அதுல தேன் எடுத்தாங்க, நெல்லு வெதச்சாங்க, உப்பு வித்தாங்க, ஆகவே அக்காலச் சமூகம் இவ்வாறு இருந்தது, அவ்ளோதான் முடிஞ்சுது. அடுத்து சிலப்பதிகாரம், அதுல வணிகர் வாழ்க்கை. அடுத்து பாரதியார், அதுல விடுதலை உணர்வு. இத பத்தாங்கிளாஸ் கட்டுரைலயே எழுதிட்டோமே, இதுக்கு எதுக்கு எம்.ஏ.ல நாலு கிரெடிட்? பாட்டுல வர்றத சுருக்கி உரைநடையில எழுதுறதுக்குப் பேரு சமூகவியல்னா எல்லாக் கோனார் உரையும் சமூகவியல்தான். ரெண்டாவது யூனிட்ல தெய்ன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு, 19ஆம் நூற்றாண்டு ஆளு, இனம் சூழல் காலம்னு மூணா பிரிச்சு வச்சாரு, அத அப்படியே மனப்பாடம் பண்ணணும். மனப்பாடம் பண்ணி எழுதுனா அஞ்சு மார்க்.

ஆனா எங்களுக்கு எடுத்த ஐயா வேற மாதிரி. சிலபஸ்ல இருக்குறத வேகவேகமா தள்ளி விட்டுட்டு, இனிமேதான் பேப்பரே ஆரம்பிக்குதுன்னு சொல்லி போர்டுல அஞ்சு கேள்வி எழுதிப் போட்டாரு: காசு போட்டது யாரு, எத்தன காப்பி, என்ன விலை, வாங்குனது யாரு, எங்க உக்காந்து படிச்சாங்க. கதைக்குள்ள என்ன இருக்குங்கறத நான் உங்கள கேக்கவே போறதில்ல, அத வேற பேப்பர்ல எழுதிக்கோங்கன்னுட்டாரு. பாதி கிளாஸ் அன்னிக்கே கடுப்பாயிடுச்சு, ஏன்னா நாங்கல்லாம் ரசனைக்காகத் தமிழ் படிக்க வந்த கோஷ்டி. புளியோதரை வாங்கப் போன எடத்துல பொட்டலம் மடிச்ச பேப்பர படிக்கச் சொல்ற மாதிரி இருந்துச்சு.

எனக்கு இந்தப் பேப்பர் பிடிக்க ஆரம்பிச்சது இங்கிலாந்து நாவல் கதை ஒண்ணுலதான். 1842ல லண்டன்ல சார்ல்ஸ் எட்வர்ட் மூடின்னு ஒருத்தர் வாடகை நூலகம் ஆரம்பிக்கிறாரு. வருஷ சந்தா ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். அப்ப புதுசா வர்ற நாவல் மூணு வால்யூமா வரும், விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரே ஒரு நாவல் வாங்குற காசு ஒரு வருஷ சந்தாவவிட ஜாஸ்தி, அப்ப எவன் வாங்குவான், எல்லாரும் மூடி கிட்டத்தான் போவாங்க. மூணு வால்யூமா இருந்தா ஒரே நாவல ஒரே நேரத்துல மூணு பேருக்கு வாடகைக்கு விடலாம், அதனால அவருக்கு மூணு வால்யூம்தான் லாபம், பப்ளிஷருக்கு அவர் மொத்தமா எடுத்துக்கறதால லாபம், எழுதுறவன் என்ன பண்ணுவான், பக்கத்த இழுப்பான். அந்தக் காலத்து இங்கிலீஷ் நாவல்ல கிளைக்கதைக்குள்ள கிளைக்கதை போறதுக்கும், சாதாரணப் பேச்சு பத்து பக்கம் ஓடுறதுக்கும் இந்தக் கணக்கும் ஒரு காரணம். அதே மாதிரி வீட்டுப் பொண்ணுங்க படிக்கக்கூடாததுன்னு மூடி நெனச்சா ஸ்டாக் பண்ண மாட்டாரு, அவரு ஸ்டாக் பண்ணலன்னா புத்தகம் காலி, அதனால எழுதும்போதே கை அடங்கிடும். கடைசில வாடகை நூலகங்களே இந்த வெல கட்டுப்படியாகலன்னு 1894ல கைய விரிச்சாங்க, கொஞ்ச வருஷத்துலயே மூணு வால்யூம் நாவல்ங்கற வடிவமே செத்துப்போச்சு. ஒரு இலக்கிய வடிவம் செத்ததுக்குக் காரணம் கடைக்கணக்கு! இத கேட்டப்புறம் கண்ணாடி யூனிட்ட யாராச்சும் சீரியஸா எடுத்துக்குவாங்களா சொல்லுங்க.

சரி அத அப்படியே நம்ம ஊருக்குக் கொண்டு வாங்கன்னாரு ஐயா. கல்கி பத்திரிகை 1941ல ஆரம்பிக்குது, பொன்னியின் செல்வன் 1950ல தொடங்கி மூணு வருஷத்துக்கு மேல வாராவாரம் ஓடுது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கதவு தட்டுற சத்தத்துலயோ ஒரு ஆள் நிழல்லயோ முடியுதே, அது வாரப் பத்திரிகையோட தேவை. அடுத்த வாரமும் காசு குடுத்து வாங்கணும்ல. ஐயா இத சொன்ன அன்னிக்கு கிளாஸ்ல ஒரு கல்கி வெறியன் எழுந்து சண்டைக்கே போயிட்டான், கல்கிய வியாபாரின்னு சொல்றீங்களானு. வியாபாரத்துக்கு நடுவுல நின்னுகிட்டு அவ்ளோ நல்லா எழுதியிருக்காரே, அதத்தான் ஆச்சரியமா பாக்கச் சொல்றேன்டானு ஐயா சொன்னாரு. எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடிச்சிது. இந்தப் பேப்பர்மேல வழக்கமா வைக்கிற குத்தச்சாட்டு இதுதான், இலக்கியத்த கணக்குப் புத்தகமா ஆக்கிடுவாங்கன்னு. மோசமா நடத்துனா அப்படித்தான் ஆகும், ஒத்துக்கறேன்.

தியரி பத்தி கொஞ்சம். பயந்துக்காதீங்க, நாலஞ்சு பேரத் தெரிஞ்சுகிட்டாப் போதும். எஸ்கார்ப்பின்னு ஒரு பிரெஞ்சு பேராசிரியர், 1958ல இலக்கியச் சமூகவியல்னே பேரு வச்சு சின்னதா ஒரு புத்தகம் போட்டாரு, எழுத்தாளன் எந்த வர்க்கம், என்ன வேலை, எந்த ஊரு, புத்தகம் எப்படி ஆள்கிட்ட போய்ச் சேருதுன்னு எண்ணிப் பாக்குற ஆளு. அவரு வழியில நாங்க தமிழ் நாவலோட முதல் தலைமுறைய எண்ணுனோம். 1879ல பிரதாப முதலியார் சரித்திரம் எழுதுன வேதநாயகம் பிள்ளை மாயூரத்துல முன்சீப்பா இருந்தவர். பத்மாவதி சரித்திரம் எழுதுன மாதவையா உப்பு இலாகா அதிகாரி. கமலாம்பாள் சரித்திரம் எழுதுன ராஜம் ஐயர் சட்டம் படிக்கப் போயி வேதாந்தத்துல எறங்கிட்டாரு. மூணு பேருமே இங்கிலீஷ் படிச்சவங்க, ரெண்டு பேரு சர்க்கார் சம்பளம். நாவல் எந்த வீட்டுத் திண்ணையில பொறந்துச்சுன்னு இதுலயே தெரிஞ்சுபோகுது.

கோல்ட்மன்னு இன்னொருத்தர், 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு சிந்தனையாளர் பாஸ்கல், நாடகாசிரியர் ராசீன் ரெண்டு பேரோட சோக உலகப்பார்வைக்கும் அதிகாரம் கையவிட்டுப் போய்கிட்டிருந்த ஒரு வர்க்கத்துக்கும், அதாவது நீதிமன்றப் பதவியால பிரபு ஆனவங்களுக்கும், முடிச்சு போட்டவரு. படிக்கக் கஷ்டம், ஆனா கதைச் சுருக்கமா பாக்காம அமைப்பா பாருன்னு சொல்லிக்குடுத்தது அவருதான். பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியூவ மட்டும் யாரும் ஸ்கிப் பண்ணாதீங்க. அவரு சொல்றது என்னன்னா இலக்கிய உலகத்துல ஒரு மூலையில பொருளாதாரம் தலைகீழா ஓடுது, விக்காத புத்தகத்துக்குத்தான் மரியாதை, விக்க ஆரம்பிச்சா சந்தேகம். இத 19ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் பிளோபேர் காலத்துப் பாரீஸ வச்சு சொல்றாரு, நமக்கு மணிக்கொடி போதும். 1933ல ஆரம்பிச்ச அந்தப் பத்திரிகைக்கு காசும் இல்ல, பெருசா வாசகரும் இல்ல, ஆனா இன்னிக்கு சிறுகதை பேப்பர்ல பாதி கேள்வி அதுல எழுதுனவங்க மேலதான். சி.சு.செல்லப்பா 1959ல எழுத்து பத்திரிகை ஆரம்பிச்சு கைக்காசப் போட்டு நடத்துனாரு, புத்தக மூட்டையத் தூக்கிகிட்டு காலேஜ் காலேஜா போய் வித்தாரு. அவரு சம்பாதிச்சது என்னன்னு கேட்டா பூர்தியூ கிட்ட பதில் இருக்கு, பேங்க் பாஸ்புக்ல இருக்காது.

ஈழத்து ஆளுங்க பத்தி சிலபஸ்ல அரைப்பக்கம்தான் இருந்துச்சு, அது எனக்கு உண்மையிலேயே கோவம். தமிழ்ல இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டதே கைலாசபதியும் சிவத்தம்பியும்தானே. ரெண்டு பேருமே பர்மிங்ஹாம்ல ஜார்ஜ் தாம்சன்னு ஒரு மார்க்சிய கிரேக்க அறிஞர்கிட்ட முனைவர் பட்டம் பண்ணவங்க. ஹோமர் காவியத்தோட சங்கப் பாட்ட வச்சு, இதெல்லாம் பாணர் வாய்மொழி மரபுன்னு கைலாசபதி 1968ல இங்கிலீஷ்ல புத்தகமா போட்டாரு, அதே வருஷம் தமிழ் நாவல் பத்தியும் ஒரு புத்தகம் வந்துச்சு. வாய்மொழி வாதத்த பிற்பாடு நெறைய பேரு மறுத்தாங்க, மறுக்கட்டும், ஆனா பாட்டு பாடுனவன் யாரு, அவனுக்குச் சோறு போட்டது யாருங்கற கேள்விய அந்த அளவுக்கு முன்னாடி கொண்டு வந்து வச்சது அவருதான். இங்க பாளையங்கோட்டைல நா.வானமாமலை 1969ல ஆராய்ச்சின்னு பத்திரிகை ஆரம்பிச்சு யுனிவர்சிட்டிக்கு வெளியிலயே ஒரு படைய உருவாக்குனாரு. சிலபஸ் கமிட்டிக்கு இதெல்லாம் "பிறர்" லிஸ்ட்ல ஒரு வரி.

இப்ப அசைன்மென்ட். இதுக்குத்தான் அந்த அஞ்சு ஸ்டார்.

ஆளுக்கு ஒரு பழைய புத்தகமோ பத்திரிகையோ எடுத்துக்கணும், கதையத் தவிர மீதி எல்லாத்தையும் படிக்கணும். அட்டை, முன்னுரை, விலை, அச்சகம், விளம்பரம், கடைசிப் பக்கம். நான் சென்னைல தரமணி சிபிடி வளாகத்துல இருக்குற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போனேன். தெரியாதவங்களுக்கு: கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், சைன்போர்டு எழுதுற ஓவியரா இருந்தவரு, வாழ்நாள் பூரா பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ்னு கெடச்சதெல்லாம் சேத்தாரு, கிட்டத்தட்ட ஒரு லட்சம் ஐட்டம். 1992ல அவரு தவறுனதுக்கு அப்பறம் சிகாகோ யுனிவர்சிட்டி அத வாங்கி, வெளிநாட்டுக்குத் தூக்கிட்டுப் போகாம இங்கயே 1994ல நூலகமா ஆக்குனாங்க. சர்வீஸ் பத்தி கேட்டா எனக்கு ஒரு கொறையும் இல்ல. கேட்டலாக்க வீட்லயே ஆன்லைன்ல தேடி நம்பர் குறிச்சுகிட்டுப் போங்க, சும்மா "பழைய நாவல் ஏதாச்சும் குடுங்க"ன்னு போய் நின்னா யாரு என்ன பண்ணுவா. அங்க இருக்குறவங்ககிட்ட டாபிக்க சொன்னா நீங்க கேக்காததையும் எடுத்துச் சொல்லுவாங்க. வெளியூர்க்காரங்க முதல்ல தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல பாருங்க, ஏகப்பட்டது ஓசிலயே படிக்கலாம், அங்க இல்லன்னா மட்டும் பஸ் ஏறுங்க.

நான் எடுத்தது போன நூற்றாண்டு ஆரம்பத்துத் துப்பறியும் நாவல் கும்பல். அப்பல்லாம் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் இவங்கதான் சூப்பர் ஸ்டார்ஸ், நம்ம இலக்கிய வரலாற்றுப் புத்தகத்துல ஒரு பாராவுக்கு மேல கெடைக்காது. கடைசிப் பக்கத்தப் பாத்தா அதே கம்பெனியோட மத்த நாவல் லிஸ்ட், ஒவ்வொண்ணுக்கும் நேரா அணாக் கணக்குல விலை, தபால் செலவு தனி, வி.பி.பி.ல அனுப்பப்படும்னு கீழ ஒரு வரி. அந்த ஒரு வரியிலயே நான் பாதி நாள் உக்காந்துட்டேன். வி.பி.பி.ன்னா புத்தகம் தபால்காரர் கையில வீட்டுக்கே வரும், வாங்கும்போது காசு குடுத்தாப் போதும். அப்ப கடையே இல்லாத ஊர்ல இருக்குற ஒரு கிளார்க்கு வீட்டுக்கும் நாவல் போகும், கடைவீதிக்குப் போக முடியாத பொம்பளைங்க கைக்கும் போகும். நாவல பரப்புனதுல பாதி புண்ணியம் தபால் இலாகாவுக்குத்தான் சேரணும். இன்னொரு பக்கம் மதராஸ் குஜிலிக் கடைத்தெருவுல காலணா அரையணாவுக்கு வித்த பாட்டுப் புத்தகங்க, ரயில் விபத்து, கொலைச் சிந்து, கள்ளுக்கடை சிந்துன்னு. அதுக்கு வி.பி.பி.யும் கெடையாது ஒண்ணும் கெடையாது, தெருவுல பாடிகிட்டே விப்பாங்க. ரெண்டுக்கும் வாசகன் வேற, வாசிக்கிற விதமே வேற, ஒண்ணு தனியா வாய்க்குள்ள படிக்கிறது, இன்னொண்ணு நாலு பேர் கூடி கேக்குறது. இதையெல்லாம் வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி விரிவா எழுதியிருக்காரு, அத படிச்சுட்டுப் போனா நூலகத்துல கண்ணு தெறக்கும்.

இன்னொரு புதையல் சொல்றேன். 1867ல பிரிட்டிஷ்காரன் ஒரு சட்டம் போட்டான், அச்சடிக்கிற ஒவ்வொரு புத்தகத்தையும் பதிவு பண்ணணும்னு. அந்தப் பட்டியல் மூணு மாசத்துக்கு ஒருக்கா அரசிதழோட வரும், தலைப்பு, ஆசிரியர், அச்சகம், பக்கம், எத்தன பிரதி, என்ன விலை எல்லாம் இருக்கும். கண்காணிக்கிறதுக்காகப் போட்ட சட்டம், நமக்கு ஆராய்ச்சிச் சொத்தாயிடுச்சு. அதுக்கு முன்னாடி காலத்துக்கும் சேத்து பிரதி எண்ணிக்கை கேட்டீங்கன்னா கஷ்டம்தான். எங்க பேட்ச்ல ஒரு பொண்ணு உ.வே.சா.வ எடுத்தா. 1887ல சீவக சிந்தாமணி பதிப்பிக்க அவரு முன்கூட்டியே ஆளுங்ககிட்ட கையொப்பம் வாங்கி பணம் சேத்த கதைய அவரே சொல்லியிருக்காரே, அந்த மாதிரி கையொப்பம் போட்டவங்க என்ன உத்தியோகம்னு பாத்துப் பாத்து அவ சார்ட் போட்டா. ஜமீனும் மடமும் காசு குடுத்த காலம் எப்படி வக்கீல், வாத்தியார், உத்தியோகஸ்தன் காசு குடுக்குற காலமா மாறுதுங்கறத அவ செமினார்ல காட்டுனப்ப கல்கி வெறியன்கூட வாயத் தெறந்துட்டுக் கேட்டான்.

இன்னொரு குரூப் வை.மு.கோதைநாயகிய எடுத்தாங்க, 1925ல ஜகன்மோகினி பத்திரிகைய எடுத்து நடத்தி, தன் நாவல தானே அதுல போட்டு, 115 நாவல் எழுதுன அம்மா, ஆசிரியர் பப்ளிஷர் எழுத்தாளர் எல்லாமே ஒரே ஆள்.

கள ஆய்வும் உண்டு, அது எங்க குரூப்புக்கு. ஜானிஸ் ராட்வேன்னு ஒரு அமெரிக்க அம்மா, 1984ல வந்த புத்தகத்துல, ஒரு புத்தகக் கடைக்காரம்மா சிபாரிசுல காதல் நாவல் வாங்கிப் படிக்கிற 42 பெண்கள வச்சு ஆய்வு பண்ணியிருக்காங்க. நாங்க ரமணிசந்திரன் படிக்கிற அக்காங்க அம்மாங்ககிட்ட பேசலாம்னு ஒரு வாடகை நூலகத்துல உக்காந்தோம். கேள்வித்தாள்ல "இந்த நாவல் ஏன் பிடிக்கும்" எல்லாம் ஐயா பேனாவால அடிச்சிட்டாரு, "எப்ப படிப்பீங்க, எங்க உக்காந்து படிப்பீங்க, படிக்கும்போது யாராச்சும் கூப்ட்டா என்ன பண்ணுவீங்க" இத மட்டும் கேளுங்கன்னாரு. ஏன் பிடிக்கும்னு கேட்டா எல்லாரும் பொழுதுபோக்குன்னு முடிச்சிருப்பாங்க. இந்தக் கேள்விக்கு நிறுத்தவே இல்ல. சமையல் முடிச்சு, புள்ளைங்க ஸ்கூல்ல இருந்து வர்றதுக்கு முன்னாடி இருக்குற அந்த மத்தியான நேரம், பின்கட்டுப் படியில உக்காந்து, காலிங்பெல் அடிச்சாக்கூட எழுந்திரிக்கிறதில்லன்னு ஒரு அக்கா சொன்னாங்க. ராட்வே கண்டுபிடிச்சதும் கிட்டத்தட்ட இதுதான், கதைக்குள்ள இருக்குற காதலவிட, படிக்கிற நேரத்துல யாருக்கும் வேலை செய்யாம இருக்கோம்ங்கறதுதான் அந்தப் பெண்களுக்குப் பெருசு. ரமணிசந்திரன்னா மூக்க சுளிக்கிற எங்க டிபார்ட்மென்ட் ஆளுங்க முன்னாடி அத பிரசன்ட் பண்ணுனது தனி கிக்.

இவ்ளோ பண்ணிட்டு பரீட்சைக்குப் போனா முதல் கேள்வி என்ன தெரியுமா? "இலக்கியம் காலக்கண்ணாடி என்பதை நிறுவுக." 75 மார்க் பேப்பர்ல விலை பத்தியோ அச்சு பத்தியோ வாசகன் பத்தியோ ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்விகூட கெடையாது. நூலகமே போகாம ஜெராக்ஸ் கடை நோட்ஸ் படிச்சவன் எங்களவிட ஜாஸ்தி மார்க். இன்டர்னல் 25ஐ நம்பித்தான் நாங்க பொழச்சோம். பர்சென்டேஜ் முக்கியம்னு இருக்குறவங்க இத யோசிச்சுக்கோங்க, நெட், ஜே.ஆர்.எஃப். தேர்வுக்குத் தயாராகுறவங்களும் தனியா படிக்கத்தான் வேணும். டிபார்ட்மென்ட் லைப்ரரில நான் மேல சொன்ன தியரி புத்தகம் ஒண்ணுகூட இல்ல, ஐயா சொந்தமா வச்சிருந்ததத்தான் ஜெராக்ஸ் போட்டோம். ஐயா ரிட்டயர் ஆகப்போறாரு, அடுத்து யாரு எடுப்பாங்கன்னு கேட்டுட்டு அப்பறம் ஃபார்ம்ல டிக் பண்ணுங்க, இந்தப் பேப்பர்ல பாடத்தவிட ஆளுதான் முக்கியம்.

சாதி பத்தின யூனிட்டும் அரைகுறை. தலித் இலக்கியம்னா கதையில வர்ற ஒடுக்குமுறைய பட்டியல் போடுறதோட நிக்குது. பாமாவோட கருக்கு 1992ல வந்தப்ப அத வெளியிட்டது பெரிய இலக்கியப் பதிப்பகம் இல்ல, மதுரைல ஒரு சமூக ஆய்வு மையம். ஏன் அங்க இருந்து வந்துச்சு, அப்ப பதிப்பகங்களோட வாசல்ல நின்னது யாரு, இதுதானே இந்தப் பேப்பர் கேக்கவேண்டிய கேள்வி.

எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டவங்களுக்கு, யாரும் தொடாத டாபிக் ஒண்ணு சும்மா கெடக்கு: நூலக ஆணை, அதாவது பொது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க அரசு குடுக்குற லைப்ரரி ஆர்டர். சென்னை மாகாணத்துல 1948லயே பொது நூலகச் சட்டம் வந்துடுச்சு, வீட்டு வரியோட நூலக வரியும் வாங்குறாங்க, அந்தக் காசுலதான் அரசு புத்தகம் வாங்குது, லைப்ரரி ஆர்டர் வரும் வராதுங்கறத வச்சுத்தான் நெறைய பதிப்பகம் எத்தன காப்பி அடிக்கலாம், எந்த சைஸ்ல போடலாம்னே முடிவு பண்ணுது. ஜனவரில புத்தகக் கண்காட்சி ஸ்டால்ல கூட்டம் கொறஞ்ச மத்தியான நேரமா பாத்து பதிப்பாளருங்ககிட்ட பேச்சுக் குடுங்க, கவிதைப் புத்தகம் ஏன் ஒல்லியா இருக்கு நாவல் ஏன் குண்டாயிட்டே போகுதுன்னு ஆரம்பிச்சா அவங்களே கொட்டுவாங்க. நோட்டு எடுத்துட்டுப் போங்க, ரெக்கார்டர நீட்டுனா வாய மூடிக்குவாங்க.